விலாவைத் தூக்க ஓர் ஆள்

பங்குனி மாதத்து ஒரு காலையில், மாவைத் தேய்த்துத் தேய்த்துக் குனிந்தே கிடந்த முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு பவுன்தாய் நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தபோது, எதிர்வரிசை வீட்டுக் கதவுகள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று சாத்திக்கொண்டன. அவள் மூச்சை விட்டபோது சாத்திய கதவுகள் அத்தனையும் மெல்லத் திறந்துகொண்டன. கொடியில் கிடந்த சேலைகள் அவள் பக்கமாகச் சாய்ந்தன, விலகின, மறுபடியும் சாய்ந்தன. பாயில் காய்ந்துகொண்டிருந்த அப்பளங்கள் ஒரு விரற்கடை உயரம் எழும்பி, சற்று யோசித்துவிட்டு, படுத்தன. குழாயடியில் குடத்தோடு நின்ற சோலையம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏத்தா பவுனு, பாத்து மூச்சு விடுத்தா, எம் மாவுல தூசி விழுகுது" என்றாள். அதற்கு மேல் அந்தத் தெருவில் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

ஏன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மாரியம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார்கள் சிலர், மாரியம்மன் இறங்கினால் கதவைச் சாத்துவாளா என்றார்கள் சிலர், செல்போன் கோபுரம் வந்ததிலிருந்தே இப்படித்தான் என்று ஒருவர் எல்லாவற்றுக்கும் சொல்வதை இதற்கும் சொன்னார். அந்த வாரம் முடிவதற்குள் கேள்வி ஓய்ந்துபோயிற்று, ஏனென்றால் அதற்குள் தெரு வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது.

அது அப்பளக்காரத் தெரு. விடியலில் மொத்த வியாபாரியின் வண்டி வந்து வீடு வீடாக உளுந்து மாவை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும், சாயங்காலம் வந்து காய்ந்த அப்பளத்தை நிறுத்து வாங்கிக்கொண்டு போகும், இந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவில்தான் அந்தத் தெருவின் கல்யாணங்களும் காதுகுத்துகளும் சண்டைகளும் நடந்தாகவேண்டும். அப்பளம் லேசுப்பட்ட பிறவி இல்லை. வெயில் ஏறினால் ஓரம் சுருண்டுகொள்ளும், காற்று பலத்தால் அடுத்த தெருவுக்குப் பறந்துபோகும், காற்றே இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஈரம் தங்கிப் பூசணம் பூக்கும். ஆகவே வீட்டுக்கு ஒருத்தி உச்சி வெயிலில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பவுன்தாயின் மூச்சு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இழுத்தால் அப்பளம் எழும்பியது, அடியில் காற்று போயிற்று. விட்டால் படுத்தது, மேலே காற்று போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே பக்குவத்தில், ஒரு சுருக்கமில்லாமல், பௌர்ணமி மாதிரி காய்ந்தது. தெருவே வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

பிறகு தெரு தன் பழக்கங்களை அவளுடைய நெஞ்சுக்கு ஏற்ப மாற்றி அடுக்கிக்கொண்டது. கோயில் பூசாரி அவள் மூச்சை இழுத்து முடிக்கும்வரை காத்திருந்து, அந்தச் சின்ன அசைவற்ற இடைவெளியில் சூடத்தைக் கொளுத்தினார். பிள்ளைகள் வீட்டுப்பாடத் தாளின் மேல் கல்லை வைத்து எழுதினார்கள். உச்சிப்பொழுது வரைக்கும் எந்த வீட்டிலும் மிளகாய் தாளிக்கக்கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள், அவள் தும்மிவிட்டால் யார் பொறுப்பு? அவள் ஓடக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது, தெருமுனையைத் தாண்டிப் போகக்கூடாது, பயப்படக்கூடாது, சிரிப்பதானால் வாயை மூடிச் சிரிக்கவேண்டும். அவள் வீட்டு வாசலில் சாய்வான பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, மோரும் பானகமும் கொடுத்து, "நீ சும்மா உக்காந்து மூச்ச மட்டும் விடு தாயி, உம் பங்கு அப்பளத்த நாங்க தேச்சுத் தர்றோம்" என்றார்கள்.

அவளுடைய புருஷன் கருத்தபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் நீளமானவன், அவனே அவளோடு சண்டை போடுவதை விட்டுவிட்டான். சண்டை போட்டால் அவளுக்கு இரைக்கும், அவளுக்கு இரைத்தால் தெருவில் உள்ள அத்தனை கதவும் தடதடவென்று அடித்துக்கொள்ளும், மறுநாள் டீக்கடையில் பதில் சொல்லவேண்டும்.

"நேத்து சாயங்காலம் என்னண்ணே, கதவு அப்பிடி ஆடுச்சு?"

"கொழம்புல உப்பு இல்லன்னேன்யா. அதுக்குத்தான்."

இப்படித்தான் ஒரு பெண்ணின் நெஞ்சு ஒரு தெருவுக்குப் பொதுச்சொத்து ஆனது. பவுன்தாய்க்கோ உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நாற்காலியில் இருந்தபடி புடவை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இப்போது அது ஒன்றுதான் தெரிந்தது. ஒரு பெருமூச்சு விடவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. துக்கம் ஒன்றும் இல்லை, சும்மா, வேலை முடிந்தபின் எல்லாப் பெண்களும் சுவரில் சாய்ந்து விடுவார்களே, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெருமூச்சு, அதுதான் வேண்டியிருந்தது. நெஞ்சு வரை வரும். பாயில் கிடக்கும் தெருவின் ஒருநாள் உழைப்பைப் பார்ப்பாள். விழுங்கிக்கொள்வாள்.

வார்டு ஆஸ்பத்திரி டாக்டர் பெனாசிர் அவளைப் பார்க்கத் தெருவுக்கே வந்தாள், வரும்போதே துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள். விலாவில் கையை வைத்து, இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, நெடுநேரம் பார்த்தாள்.

"காத்த நாம இழுக்குறதா நெனச்சுக்கிறோம். நெசத்துல இழுக்குறதில்லம்மா. விலா எலும்பு ஒவ்வொண்ணும் வாளிக் கைப்பிடி மாதிரி. எலும்புக்கு நடுவுல இருக்குற சதை அதத் தூக்கும். நெஞ்சுக்கு அடியில குடை மாதிரி ஒரு சதை இருக்கு, அது கீழ இறங்கும். உள்ள இடம் பெருசாகும், அழுத்தம் கொறையும். வெளிக்காத்து தானா வந்து விழும். இடம் ஒதுக்கித் தர்றதுதான் நம்ம வேலை."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு உள்ள மட்டும் கொறையல. தெருப் பூராவும் கொறையுது."

"மருந்து இருக்கா?"

"உங்களுக்கா, தெருவுக்கா?" என்று கேட்டுவிட்டு டாக்டரே சிரித்தாள். பவுன்தாய் வாயை மூடிச் சிரித்தாள்.

"ஒரு பெருமூச்சு விட்டா என்ன ஆகும் டாக்டரம்மா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

டாக்டர் பாய்களைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள், துப்பட்டா முடிச்சை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் நாளுக்குப் பிறகு எதிர்வரிசையில் ஒரே ஒரு கதவு மட்டும் இந்த மூச்சுக்கு அசையவில்லை. அது இருளாயியின் கதவு. பவுன்தாய்க்குக் கூடப்பிறந்த அக்கா அவள். அவள் தன் கதவை உள்ளே கயிற்றால் கட்டி, கயிறு போதாதென்று ஆட்டுக்கல்லை உருட்டி அண்டக் கொடுத்திருந்தாள். "அவ மூச்சு எவ வீட்டுக்குள்ள வேணா போகட்டும், எவ்வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு பல காலம் ஆகிறது, இருளாயியின் மகன் பூமிராசன் அப்போது அரைக்கால் டவுசர் போட்டிருந்தான், இப்போது செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அன்றைக்குக் குழாயடியில், தெருவே வரிசையில் நிற்கும்போது, இருளாயி தன் தங்கையைப் பார்த்து, "உம் மாவுல மைதா இருக்குடி" என்றாள். வேறு தெருவில் இது ஒரு வார்த்தை. அப்பளக்காரத் தெருவில் அதற்கு, உளுந்தைத் திருடிக்கொண்டு மைதாவைக் கலந்தாய் என்று பொருள், ஒருத்தியின் நடத்தையைச் சொல்லியிருந்தால்கூட இரண்டு மாதத்தில் மறந்திருப்பார்கள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன பவுன்தாய் அதற்குப்பிறகு அக்காவின் பக்கம் திரும்பவில்லை. எதிரெதிர் வீடு, நடுவில் ஒரு வண்டி நுழையும் அகலத்தில் தெரு, இத்தனை காலமும் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஆனியில் இருளாயிக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயின. போன பிறகு கால் மரத்தது. மறுநாள் தேய்ப்புக்கட்டை கையிலிருந்து நழுவியது. அதற்கடுத்து குரல் மெலிந்து, பாதி வாக்கியத்தில் நின்று நின்று வந்தது. ஆஸ்பத்திரியில், நரம்பைப் பிடித்த நோய், தானாக வந்தது தானாகப் போகும், போகும்வரை இவளுக்கு மூச்சுவிட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மிஷினுக்கு வரிசை இருந்தது, அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் மூச்சுவிட முடியாதவர்கள்தான். ரப்பர் பை ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பூமிராசன் அமுக்கினான், கருத்தபாண்டி அமுக்கினான், பொண்டாட்டிக்குத் தெரியாமல்தான் போயிருந்தான். கை வீங்கி விரல் மடங்காமல் போனது. வரிசை நகரவில்லை.

ஒரு மத்தியானம் கருத்தபாண்டியின் லோடு ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. பின்னால் பாயில் இருளாயி, பக்கத்தில் பையை அமுக்கியபடி டாக்டர் பெனாசிர். பூமிராசன் குதித்து இறங்கி, சின்னம்மாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

"சின்னம்மா, எங்கம்மாவுக்கு மூச்சு விடுறீங்களா?"

பவுன்தாய் அவனுடைய வீங்கிய விரல்களைப் பார்த்தாள்.

"உங்கம்மா கேட்டாளா?"

"அதால பேச முடியாது சின்னம்மா. பேச முடிஞ்சா கேட்டிருக்காது."

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் பாயிலிருந்த அப்பளமெல்லாம் துள்ளி விழுந்தன.

டாக்டருக்குத் தன் படிப்புக் காலத்தில் படத்தில் பார்த்த ஒன்று ஞாபகம் வந்திருந்தது. அந்தக் காலத்தில் நோயாளியை இரும்புப் பெட்டிக்குள் படுக்கவைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைப்பார்களாம். குறைத்தால் சுற்றிலும் இடம் கொடுத்ததுபோல விலா தானே விரியும், வெளியில் இருக்கும் மூக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். இங்கே பெட்டி இல்லை, அறை இருந்தது. இருளாயியின் வீட்டு முன்னறையில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. பூமிராசன் ஜன்னல் கம்பிகளை அறுத்தான். செங்கல்லை அடுக்கிக் கட்டிலை உயர்த்தினார்கள். இருளாயியின் தலை தெருவில், கழுத்துக்குக் கீழே வீட்டுக்குள். பவுன்தாய் உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார, கதவைச் சாத்தி, இடுக்கையெல்லாம் அடைத்தார்கள். எதை வைத்து அடைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வீடு கை நிறைய உளுந்து மாவு வந்தது. கதவிடுக்கில் மாவு, ஓட்டிடுக்கில் மாவு, இருளாயியின் கழுத்தைச் சுற்றி ஜன்னல் சட்டம் வரை எண்ணெய் தொட்டுப் பிசைந்த கெட்டி மாவு.

பவுன்தாய் மூச்சை இழுத்தாள். அறைக்குள் காதடைத்தது, தூக்குவாளி மூடி கிளம்பியது, காலண்டர் சுவரை விட்டு நின்றது. அவளுக்கு எதிரே, பழைய ரவிக்கைக்குள், இருளாயியின் விலாக்கள் எழுந்தன. வெளியே சோலையம்மா கத்தினாள்: "போகுதுடி! மூக்குல காத்துப் போகுது!"

தலையைத் தெருவில் வைத்துக்கொண்டு இருளாயி வாழ ஆரம்பித்தாள். மாரியம்மன் ஊர்வலக் குடையைப் பூசாரி எடுத்துவந்து அந்தத் தலைக்கு மேலே நட்டார். முதல் நாள் அவசரத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. அப்பளம் பொரிவதற்காகச் சேர்க்கும் கார உப்பைப் போட்டுப் பிசைந்த மாவையே கழுத்தைச் சுற்றி அப்பிவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் கழுத்து ரத்தச்சிவப்பாக வெந்துபோயிற்று. மறுநாள் காரமில்லாத மாவு. அது உச்சிப்பொழுதில் காய்ந்து வெடித்து, வெடிப்பு வழியாகக் காற்று சீறியது. ஜன்னலடியில் கூடிய பெண்கள் மோவாயில் கைவைத்து யோசித்தார்கள்.

"ஒரு பிடி மைதா சேத்தா இழுவையா நிக்கும்" என்றாள் சோலையம்மா.

தலை கண்ணைத் திறந்தது. குரல் அடங்கிப்போன பிறகு இருளாயி பேசிய முதல் வார்த்தைகள் இவை, பவுன்தாய் விட்ட மூச்சில் ஏறி வந்தன.

"எங் கழுத்துல..." உள்ளே பவுன்தாய் இழுத்தாள், விட்டாள். "...மைதாவா?" இழுத்தாள், விட்டாள். "...அதுக்குச் செத்துருவேன்."

தெரு சிரித்தது. உள்ளே பவுன்தாய்க்குக் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, இனிமேல் அக்கா பேசப்போகும் அத்தனை பேச்சுக்கும் காற்றுத் தரவேண்டியவள் தான்தான் என்பது.

பேசாமல் இருந்தாளா இருளாயி? படுத்தபடியே தெருவைப் பார்த்தாள், தெருவை நடத்தினாள். தெருவின் காற்று அறைக்குள் அடைபட்டுவிட்டதால் பெண்கள் பழையபடி வெயிலுக்கு வந்து அப்பளத்தைக் கையால் புரட்டினார்கள். "ஒருத்திக்காகத் தெருவே வேகுது" என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் முணுமுணுத்தவர்களும் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலடிக்குத்தான் வந்தார்கள், ஏனென்றால் அங்கே குடை நிழல் இருந்தது, பேச்சு இருந்தது. அந்த மூக்கில் காற்று போகும் சத்தத்துக்கு ஒரு தேய்ப்பு, வரும் சத்தத்துக்கு ஒரு தேய்ப்பு என்று தங்களுக்கே தெரியாமல் கை பழகிக்கொண்டது. தலை அவர்களைத் திட்டியது. "ஓரம் தடிமன்... அடியே... அது அப்பளமா... மூடியா?" உள்ளே பவுன்தாய் ஒவ்வொரு வசவுக்கும் மூச்சு விட்டாள்.

அவளுக்கு அக்காவின் முகம் தெரியாது. தெரிந்ததெல்லாம் கழுத்துக்குக் கீழேதான். வெடித்த குதிகால், நரம்போடிய புறங்கை, மேலும் கீழும் போய்வரும் விலா. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தபோது முழங்கையால் இடித்த விலா. அப்போது அது தானாக ஏறி இறங்கும், இடித்தால் திருப்பி உதைக்கும். இப்போது அது இவள் ஏற்றினால் ஏறியது. இவளும் அறையை விட்டு வெளியேற முடியவில்லை. கதவிடுக்கு மாவை அவசரமாகப் பிரித்துச் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள், அவசரமாக வெளியே போய் வரவிட்டார்கள், அந்தச் சற்றுநேரத்துக்கு டாக்டரோ பூமிராசனோ பையை அமுக்கினார்கள். அவள் தூங்கும்போதும் மூச்சு தன்பாட்டில் போய்வந்தது. ஆனால் அவள் கனவில் எங்காவது ஓடினால் வெளியே இருளாயிக்கு இரைத்தது. "எங்கடி ஓடுற?" என்று காலையில் கேட்டது ஜன்னலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

பவுன்தாய் இன்னும் அக்காவோடு பேசவில்லை. மூச்சு விடுவது வேறு, பேசுவது வேறு.

ஆடி பிறந்த பிறகு, ஜன்னலடியில் ஆளில்லாத ஒரு மத்தியானம், இருளாயி ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு... கொழாயடியில..."

பவுன்தாய் விடவேண்டிய மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டாள். அந்த வாக்கியம் அங்கேயே நின்றது. கொஞ்சம் பொறுத்து மெதுவாக விட்டபோது இருளாயிக்குத் தொடர்ச்சி தவறிப்போயிருந்தது, அல்லது தவறியதுபோல இருந்துகொண்டாள். மறுநாள் மறுபடியும் "அன்னைக்கு" என்றாள். பவுன்தாய் மறுபடியும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அக்கா சொன்னதையே திரும்பச் சொன்னால், அந்தச் சொல் என் மூச்சில் செய்த சொல்லாக இருக்கும், என்னை நானே திட்டிக்கொண்டது போலாகும். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால், அதுவும் என் மூச்சு, எனக்கு நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டது போலாகும். எதைச் சொன்னாலும் அது அக்காவிடமிருந்து வரப்போவதில்லை. இப்படி நினைத்து நினைத்து, நெஞ்சு காந்த, அடுத்தமுறை "அன்னைக்கு" என்ற சத்தம் வந்தபோது அவள் கோபத்தில் பிடித்த மூச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். விலா நின்றது. காலண்டர் நின்றது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்த நிசப்தம், இத்தனை காலத்துக்கும் சேர்த்து யாரோ தந்த நிசப்தம்.

"பவுனு! மூஞ்சி நீலம் பாயுதுடி! அடியே, கொன்னுறாதடி!" என்று வெளியே சோலையம்மா சட்டத்தில் அறைந்தாள்.

பவுன்தாய் விட்டாள், இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். பிறகு முதல்முறையாகக் கையை நீட்டி அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதம் சில்லென்று இருந்தது. வெளியிலிருந்து, விட்ட மூச்சொன்றில், "சாவடிச்சிட்டு... காலப் பிடிக்கிறா... பாரு" என்று வந்தது.

அதற்குப்பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்ததுபோல அந்த வாக்கியத்தைத் தொடவில்லை. தொடாததால் அது அறைக்குள்ளேயே இன்னொரு ஆளாக இருந்தது. பவுன்தாய் இரவும் பகலும் விலாவையே பார்த்தாள். தன்னுடைய மூச்சு தன்னுடையதாக ஆகவேண்டுமானால் அந்த விலா தானே எழவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தானே எழுந்த மறுநிமிடம் அந்த வாக்கியம் வரும் என்பதும் தெரிந்திருந்தது.

ஆவணியில் ஒரு முற்பகல் அவள் மூச்சை விட்டுக்கொண்டிருந்தபோது, இறங்கவேண்டிய விலாவில் கீழ்வரிசை மட்டும் இறங்காமல் முரண்டு பிடித்தது. அடுத்த மூச்சிலும் அப்படியே. இவள் இறக்கினால் அது ஏறப் பார்த்தது, இவள் ஏற்றினால் இறங்கப் பார்த்தது. வெளியே இருளாயிக்கு இருமல் வந்து கண் பிதுங்கியது. டாக்டருக்கு ஆள் போனது. பெனாசிர் வந்து ஜன்னலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மாவு படிந்த சட்டத்தில் வாயை ஒட்டி, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"பவுன்தாயம்மா, ரெண்டு பேரு சேந்து ஒரு வாளியத் தூக்குறீங்க, ஆளுக்கு ஒரு நேரத்துல. ஒருத்தர் விடணும். நீங்க விடுங்க."

"விட்டா?"

"எந்திரிச்சா எந்திரிக்கும். இல்லேன்னா கையில பை வச்சிருக்கேன்."

பவுன்தாய் மூச்சை நிறுத்தினாள்.

தெரு அவளோடு நின்றது. தேய்ப்புக்கட்டைகள் நின்றன. உள்ளே விலா ஒரு கவிழ்த்த கூடை போல அசையாமல் கிடந்தது, கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. பவுன்தாயின் காதில் ரத்தம் இடித்தது, கண்ணுக்குள் பொறி பறந்தது, நெஞ்சு வெடிக்கிறேன் என்றது, அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தூக்கு, தூக்கடி, என்று பொத்திய கைக்குள் உதடு அசைந்தது. அப்போது கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்தது. நடுங்கியது. வலப்பக்கம் கொஞ்சம், பிறகு இடப்பக்கம், பாரம் தூக்கிப் பழக்கமில்லாத புதுப்பெண் குடத்தை இடுப்புக்கு ஏற்றுவதுபோலத் தடுமாறி, வயிறு புடைத்து, விலா எழுந்தது. இறங்கியது. மறுபடி, யாரையும் கேட்காமல், எழுந்தது.

வெளியே குலவைச் சத்தம் தொடங்கியது, அதற்கு மேலே, கரகரத்து, இடையில் எங்கும் அறுபடாமல், இருளாயியின் குரல் கேட்டது:

"அன்னைக்குக் கொழாயடியில நாஞ் சொன்னது சொன்னதுதாண்டி, உம் மாவுல மைதா இருந்துச்சு!"

பிடித்து வைத்திருந்த மூச்சு பவுன்தாயிடமிருந்து அலறலாக வெளியே வந்தது. கதவிடுக்கு மாவைக் கையால் பிய்த்து எறிந்துவிட்டு அவள் தெருவுக்குப் பாய்ந்தாள். இத்தனை நாளும் காணாத முகம் குடைக்கடியில் மல்லாந்திருந்தது, இளைத்து, கண் குழிந்து, உதட்டோரத்தில் அதே கோணல்.

"யாரு மாவுலடி மைதா? ஏன்டி, ஆனி ஆடி பூராம் ஒனக்கு மூச்சு விட்டேனே, எங்கிட்டயா சொல்ற? தின்ன சோறு ஆறுறதுக்குள்ள வந்து..."

"மூச்சு விட்டா மாவு சுத்தமாயிருமா?"

"நாக்கு அழுகிரும்டி ஒனக்கு!"

"அழுகுனாலும் இருந்துச்சுன்னு சொல்லும்டி அது!"

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தி வாக்கியத்தின் மேல் ஒருத்தி வாக்கியம் ஏறியது, ஒருத்தி இழுக்கும்போது ஒருத்தி விட்டாள், அந்தச் சொல் பவுன்தாயின் மூச்சில் செய்ததாக இல்லை, முழுக்க முழுக்க இருளாயியுடையது, அந்த விலாவே தூக்கி எறிந்தது, அதனால் அதை மனசாரத் திட்ட முடிந்தது. சோலையம்மா முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம், "கேக்கவே எம்புட்டு நல்லா இருக்கு" என்றாள். கருத்தபாண்டி நடுவில் புகுந்து, "போதும் விடு, பவுனு, அக்கா இப்பத்தான் எந்திரிச்சிருக்கு" என்று சொல்லி இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

திட்டி ஓய்ந்தபோது பவுன்தாய்க்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நின்று வாங்கினாள். தெருவைப் பார்க்கவில்லை. தன் மூச்சுக்குக் கொடிச்சேலைகள் இன்னும் ஆடுகின்றனவா என்று பார்க்கப் பயமாக இருந்தது. தலையைக் குனிந்தபடி தெருமுனையை நோக்கி நடந்தாள்.

"எங்கடி போற?" என்றது பின்னாலிருந்து குரல். "கஞ்சிய ஊத்திட்டுப் போடி! ஏய்!"

அவள் திரும்பவில்லை. தெருமுனையைத் தாண்டினாள், மெயின் ரோட்டுக்கு வந்தாள், முதலில் வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, எந்த ஊருக்கு என்று கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் ஒரு பெண் மடியில் தாளை விரித்து வறுத்த கடலையைத் தேய்த்துத் தேய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். தாள் நிறையச் சிவப்புத் தோல், ஊதினால் பறந்துவிடும் லேசான தோல். ஆட்டோ சிக்னலில் நின்றது. காற்றில்லாத உச்சிவேளை. பவுன்தாய் அந்தத் தோல்களையே பார்த்தாள். பிறகு கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், நெஞ்சின் அடிவரை இழுத்து, ஒரு பெருமூச்சு விட்டாள், நீளமாக, மிச்சம் வைக்காமல்.

ஒரு தோல்கூட அசையவில்லை.

"என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க, வேணுமா?" என்று கேட்ட அந்தப் பெண், பதிலுக்குக் காத்திராமல் அவள் உள்ளங்கையில் நாலு கடலையைப் போட்டாள். பவுன்தாய் வாயைத் திறந்தே சிரித்தாள்.